போனில் சொன்னால் எழுத வரவேண்டும்: கம்பெனி ஈமெயிலை மாற்றிய அனுபவம்

கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் செய்யும் சின்னக் கம்பெனிகளின் ஈமெயில் முகவரிகளுக்கு ஒரு ஜாடை உண்டு. முதலில் சாமி பெயர், அப்புறம் தொழில், அப்புறம் ஊர், கடைசியில் ஒரு நம்பர். அட் தி ரேட் ஜிமெயில் டாட் காம். பிரவுசிங் சென்டர் காலத்தில் பிறந்த முகவரிகள் இவை. வெறும் பெயரைப் போட்டால் ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வரும். சரி, தொழிலைச் சேர். அதுவும் போயிருக்கும். ஊரைச் சேர், வருஷத்தைச் சேர். எங்களுடையதும் இப்படி வளர்ந்ததுதான். நிறுவனத்தின் முழுப்பெயர், ஹோம் டெக்ஸ்டைல்ஸ், கரூர், 09. எண்ணிப் பார்த்தால் 29 எழுத்து. ஜிமெயிலில் பெயர்ப் பகுதிக்கு உச்சவரம்பே 30தான்.

நாங்கள் தைத்து அனுப்புவது கிச்சன் டவல், ஏப்ரன், பாட் ஹோல்டர், டேபிள் மேட் இதெல்லாம். கொஞ்சம் நேரடி ஏற்றுமதி, கொஞ்சம் பையிங் ஏஜென்ட் மூலமாக. லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவலில் தொடங்கி பி.ஓ. என்கிற ஆர்டர் கடிதம், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்கிற கப்பல் சரக்கு ரசீதின் காப்பி என்று எல்லாமே மெயிலில் ஓடுகிறது. ஆனால் முகவரி முதன்முதலாகக் கைமாறுவது மெயிலில் இல்லை. தூத்துக்குடியில் எங்களுக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஏஜென்டின், அதாவது சி.எச்.ஏ.வின், ஆபீஸ் பையன் போனில் கேட்பார். அட்டைப்பெட்டி சப்ளையர் லாரி ஆபீஸ் வாசலில் நின்றபடி கேட்பார். பேங்க் ஃபாரத்தில் கட்டம் கட்டமாக எழுதச் சொல்வார்கள். மெயில் முகவரி சின்னதா பெரிதா என்பது அங்கேதான் தெரியும்.

பழைய முகவரியைச் சொல்லும்போது எதிர்முனையில் நடப்பது எனக்கு மனப்பாடம். "ஒரு நிமிஷம் இருங்க சார், பேனா எடுத்துக்கறேன்." ஸ்ரீ என்றதும், "எஸ் ஆர் ஐயா, எஸ் எச் ஆர் ஐயா?" லட்சுமி என்றதும், "கே எஸ் எச்சா, எக்ஸ்ஸா?" டெக்ஸ்டைல்ஸ் என்றதும், "கடைசியில எஸ் உண்டுங்களா?" ஸ்ரீயை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவாவது எழுதுகிறார்கள். லட்சுமியை இரண்டு விதமாக. டெக்ஸ்டைலை எஸ் வைத்தும் வைக்காமலும். பெருக்கினால் பதினாறு முகவரி ஆகிறது, அதில் ஒன்றுதான் எங்களுடையது. நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது என்பதால், நாம் சரியாகச் சொன்னாலும் கேட்பவர் தனக்குப் பழகியபடிதான் எழுதுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி 09 விட்டுப்போனால் மெயில் திரும்பி வராது. அந்த முகவரி இதே ஊரில் வேறொருவருடையது. நேராக அவரிடம் போய்ச் சேரும். நல்ல மனுஷர், பார்த்ததும் ஃபார்வர்டு பண்ணிவிடுவார். பேக்கிங் லிஸ்ட் போனால் பரவாயில்லை. ரேட் போட்ட கொட்டேஷன் போனால்? அவரும் இதே தொழிலில் இருப்பவர்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு இன்னும் பல வருஷம் ஓட்டியிருப்போம். முடிவெடுக்க வைத்தது எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு பையர் செய்த போன். எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்பவும் என்று அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகை சரி, அப்பாவின் கையெழுத்துப் படம்கூட இருந்தது. முகவரியில் மட்டும் ஒரு எஸ் கூடுதல். 29 எழுத்தில் ஒரு எஸ் கூடினால் யார் கண்ணுக்குத் தெரியும்? கணக்கு வேறு நாட்டில் இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வந்து கூப்பிட்டார், பணம் தப்பியது. ஏற்றுமதித் தொழிலில் இந்த மோசடி புதிதில்லை. ஆனால் இலவச மெயிலில் இருக்கும்வரை நம்மைப் போலவே ஒரு முகவரி திறக்க யாருக்கும் பைசா செலவில்லை என்பது அன்றைக்குத்தான் அப்பாவுக்கு உறைத்தது. அதுவரை டொமைன், அதாவது அட் தி ரேட்டுக்குப் பிறகு வர எங்களுக்கென்றே ஒரு பெயர், வாங்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "இருக்கறதே நல்லாத்தானே ஓடுது" என்பார்.

சொந்த டொமைன் இருந்தால் மோசடி நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்ன எழுத்தில் எம் மாதிரித் தெரியும். அதை வைத்தே போலி டொமைன் வாங்குகிறார்கள். ஆனால் முகவரி சின்னதாக இருந்தால் ஒரு எழுத்து மாறியது சட்டென்று கண்ணில் படும். அதோடு எங்கள் இன்வாய்ஸ் அடியில் இப்போது ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது: பேங்க் விவரத்தில் மாற்றம் இருந்தால் மெயிலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம், போனில் உறுதி செய்துகொள்ளவும். முகவரியை மாற்றாதவர்கள்கூட இந்த வரியை இன்றைக்கே சேர்த்துவிடலாம்.

பெயர் தேர்வுக்கு வருகிறேன். அதிக நேரம் பிடித்தது இதுதான்.

முதலில் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவது: நிறுவனப் பெயரின் முதல் எழுத்துகள். எஸ், எல், எச், டி. நாலே எழுத்து, அழகாக இருக்கிறது என்று நினைத்தோம். சி.எச்.ஏ. ஆபீசுக்கே போன் போட்டு, எந்தக் கம்பெனி என்று விளக்காமல், இதை எழுதிக்கொண்டு திருப்பிப் படியுங்கள் என்றேன். எஸ் என்றது எஃப் ஆகிவிட்டது, டி என்றது பி ஆகிவிட்டது. காது மந்தம் இல்லை. போனின் குணம் அது. பழைய டெலிபோன் முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். எஸ்ஸையும் எஃப்பையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பது, அது வெட்டுப்பட்டுப் போகும். பி, சி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ஒரே ஓசையில் முடிகிறவை. எம்மும் என்னும் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி என்று ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கிறது. நாலெழுத்துக்கு நாலு ஊர் சொல்வதற்கு, ஏழெழுத்தில் ஒரு சொல் சொல்வது சுலபம். எழுத்தை எண்ணிச் சுருக்குவது வேறு, சொல்லும் நேரத்தைச் சுருக்குவது வேறு. எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

இனிஷியல் விஷயத்தில் இன்னொன்று. நண்பர் ஒருவர் தன் பெயரின் முதலெழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து, சன்ஸ் என்பதின் எஸ் மூன்றையும் சேர்த்து டொமைன் தேடிக்கொண்டிருந்தார். ஏ, எஸ், எஸ். ஆங்கிலத்தில் கழுதை. கழுதை என்பது மரியாதையான அர்த்தம், இன்னொன்றும் இருக்கிறது. காசு கட்டுவதற்கு முன் அவர் மகள் பார்த்துவிட்டாள். சேர்த்து எழுதும்போது என்ன வாசிக்கக் கிடைக்கிறது என்று வீட்டில் இளசுகளிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அடுத்து, வெளிநாட்டுக் காது. ஜனவரி தோறும் ஃப்ராங்ஃபர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிதான் எங்கள் தொழிலுக்குப் பெரிய சந்தை. அங்கே ஒரு ஜெர்மன்காரரிடம் நாம் ஏ என்று சொன்னால் அவர் ஈ எழுத்தைப் போட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஜெர்மனில் ஈ எழுத்தின் பெயரே ஏ என்றுதான் ஒலிக்கும். நம் ஈ அவர்களுக்கு ஐ எழுத்து. ஆகவே எழுத்தெழுத்தாகச் சொல்லத் தேவையில்லாத, கேட்டபடியே எழுத வருகிற சொல் வேண்டும். மெய், உயிர், மெய், உயிர் என்று மாறி மாறி வருகிற சின்னப் பெயர்கள் இதற்குத் தோதானவை. மணி, நிலா, மாலா மாதிரி. ழகரம், இரட்டை எழுத்து, த-ட குழப்பம் உள்ள பெயர்களைத் தள்ளிவிட்டோம். கடைசியில் அம்மா பெயரின் முதல் பாதி நின்றது. நாலெழுத்து. அதோடு டெக்ஸ். டெக்ஸ் என்பதைக் கரூரில் பிறந்த குழந்தைகூடச் சரியாக எழுதும், ஜெர்மன்காரரும் எழுதுவார். மொத்தம் ஏழு. அப்பாவுக்கு சாமி பெயர் போய்விடுகிறதே என்று வருத்தம். போர்டிலும் பில்லிலும் ஜி.எஸ்.டி. சான்றிதழிலும் சாமி பெயர் அப்படியே இருக்கிறது, மெயில் மட்டும்தான் அம்மா பேரில் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

அந்த ஏழெழுத்தை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே ஸ்பாம் கொட்டும்.

வாங்கும் முன் செய்த ஒரு வேலை பலருக்குத் தோன்றுவதில்லை: அதே பெயரில் ட்ரேட்மார்க் இருக்கிறதா என்று மத்திய அரசின் ட்ரேட்மார்க் தளத்தில் தேடினோம். படுக்கை விரிப்பு, டவல் போன்ற துணிப் பொருட்கள் 24ஆம் வகுப்பு, உடைகள் 25. தேடுவதற்குக் காசில்லை.

டாட் காமா, டாட் இன்னா? மூன்றெழுத்து, நான்கெழுத்து டாட் காம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஏழெழுத்தில் எங்களுக்கு டாட் காம், டாட் இன் இரண்டுமே கிடைத்தன, இரண்டையும் வாங்கினோம். கார்டில் போடுவது டாட் காம், ஏனென்றால் வெளிநாட்டார் கை தானாக அதைத்தான் தட்டும். டாட் இன்னுக்கு வரும் மெயிலும் அதே பெட்டியில் விழும்படி வைத்திருக்கிறோம். உள்ளூர் வியாபாரம் மட்டும் என்றால் டாட் இன் தாராளமாகப் போதும். டாட் கோ என்பதை மட்டும் வேண்டாம் என்பேன். அது கொலம்பியா நாட்டுக்கு உரியது என்பதால் அல்ல. நாம் டாட் கோ என்று சொன்னால் கேட்பவர் எம் விட்டுப்போச்சு என்று நினைத்து அவராகவே சேர்த்துவிடுவார். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்று முடியும் டொமைனும் உண்டு. ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் பையர் கம்பெனிகளின் வெண்டார் ஃபாரம் அதை ஏற்குமா என்று யோசித்து விட்டுவிட்டோம்.

ஹைஃபன், அண்டர்ஸ்கோர் இரண்டும் வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டரில் முகவரிக்கு அடிக்கோடு விழுந்ததும் அண்டர்ஸ்கோர் அதற்குள் மறைந்து இடைவெளி மாதிரி ஆகிவிடும். புள்ளியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜிமெயில் டாட் காம் முகவரியில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் சொந்த டொமைனிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கூகுள் மெயிலையே சொந்த டொமைனில் பயன்படுத்தினாலும் அங்கே புள்ளி உள்ளதும் இல்லாததும் வேறு வேறு முகவரி.

அட் தி ரேட்டுக்கு இந்தப் பக்கம் என்ன வைப்பது? டாக்குமென்ட் வேலைக்கென்று டாக்ஸ் என்று வைக்கலாம் என்றேன். நாலெழுத்து. மறுபடி போன் சோதனை. சி.எச்.ஏ. ஆபீஸ் பையன் திருப்பிப் படித்தார்: "டி ஓ ஜி எஸ்." நாய்கள் அட் தி ரேட் எங்கள் கம்பெனி. அப்பா சிரித்த சிரிப்பில் டாக்ஸ் போயிற்று. எக்ஸ்போர்ட் என்று வைத்தோம். இரண்டு எழுத்து கூடுதல், ஆனால் இந்த ஊரில் அதை எழுதத் தெரியாதவர் இல்லை. அக்கவுண்ட்ஸ் என்பதை எஸ் இல்லாமல் எழுதுவார்கள் என்று தெரிந்ததால் இரண்டு வடிவத்தையும் ஏலியாஸாகப் போட்டுவிட்டோம். ஏலியாஸ் என்றால் தனிப் பெட்டி இல்லை, ஒரே பெட்டிக்கு இன்னொரு வாசல். பெரும்பாலான மெயில் சேவைகளில் இதற்குத் தனிக் காசு இல்லை. இது தெரியாமல் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு யூசர் வாங்கி மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆள் பெயரில் முகவரி வைப்பதா, வேலையின் பெயரிலா என்பதில் என் கருத்து உறுதியானது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் இன்றைக்கு இங்கே, அடுத்த தீபாவளிக்கு எதிர்க் கம்பெனியில். அவர் பெயரில் பெட்டி இருந்தால் பையரின் பழக்கம் முழுக்க அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் வேலையின் பெயரில் இருக்கட்டும். முதலாளிக்கு மட்டும் சொந்தப் பெயரில் ஒன்று, அதுவும் இனிஷியல் இல்லாமல். இன்ஃபோ என்பதை நாங்கள் வைக்கவில்லை. ஸ்பாம் அனுப்புகிறவன் முதலில் முயன்று பார்ப்பது அதைத்தான்.

டொமைனை யார் பேரில் வாங்குவது என்பது பெயரைவிட முக்கியம். தெரிந்த கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே, தன் பேரிலேயே பதிந்திருந்தார். ஆள் தொழிலை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார், புதுப்பிக்கும் தேதி தாண்டியது, ஒருநாள் காலையில் மெயில் நின்றது. பணம் கட்டத் தயாராக இருந்தும் கட்ட வழியில்லை. எனவே யார் வேலை செய்துகொடுத்தாலும் பதிவுக் கணக்கு நம் பேரில், ஓ.டி.பி. நம் போனுக்கு. அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் ஈமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை மெயிலும் வராது, பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் வராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி. எங்கள் பழைய ஜிமெயில் இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது. விலையில் முதல் வருஷச் சலுகையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷம்வரை கட்டலாம்.

தொழில்நுட்பப் பக்கம் சுருக்கமாக. டொமைன் செட்டிங்கில் அமைக்க வேண்டியவை நாலு. எம்.எக்ஸ். என்பது மெயில் எந்த சர்வருக்கு வரவேண்டும் என்ற வழிகாட்டி. எஸ்.பி.எஃப். என்பது நம் பேரில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு மெயிலிலும் சேரும் டிஜிட்டல் கையொப்பம். டிமார்க் என்பது இவற்றில் தேறாததை என்ன செய்யலாம் என்று பெறுபவரின் சர்வருக்கு நாம் சொல்லும் குறிப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன. இவை இல்லாமல் அனுப்பினால் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம். எஸ்.பி.எஃப். வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். வெப்சைட்டுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே பயனில்லாமல் போகும். எங்களுக்கு அமைத்துக்கொடுத்த தம்பி கெட்டிக்காரர், இதைக் கவனித்து ஒன்றாக்கினார். புது டொமைனிலிருந்து முதல் நாளே எல்லாப் பையருக்கும் சுற்றறிக்கை அனுப்புவதும் வேண்டாம். அறிமுகமில்லாத டொமைன் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அனுப்பினால் சந்தேகம் வரத்தான் செய்யும். நாங்கள் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்களுக்குப் பதில் எழுதும்போது புது முகவரியிலிருந்து எழுதினோம், பழையதைச் சி.சி.யில் வைத்தோம். பையர்கள் தானாகப் பழகிவிட்டார்கள்.

பையர்கள் பழகிய வேகத்தில் அரசாங்கப் பதிவுகளை மாற்ற முடியாது. அங்கே ஒரு வரிசை வேண்டும். முதலில் பேங்க், லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு நேரில் கொடுத்தோம். அடுத்து ஜி.எஸ்.டி. போர்ட்டலில் ஆதரைஸ்டு சிக்னேட்டரியின் மெயிலை ஓ.டி.பி. வைத்து மாற்றலாம், அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்ணான ஐ.இ.சி.யை எப்படியும் வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் முடக்கிவிடுவார்கள். அந்தச் சமயத்திலேயே மெயிலையும் மாற்றினோம். அப்புறம் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளம், சிறுதொழில் பதிவான உத்யம், பி.எஃப்., இன்ஷூரன்ஸ். ஓ.டி.பி. எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பழைய பெட்டி திறந்திருக்கும்போதே மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் சில இடங்களில் மாற்றத்தை உறுதிசெய்யப் பழைய முகவரிக்கும் ஒரு ஓ.டி.பி. போகும்.

பழைய விசிட்டிங் கார்டை அப்பா தூக்கிப்போட விடவில்லை. முகவரி வரியின் மேல் ஒட்டச் சின்ன ஸ்டிக்கர் அடித்தோம், அது தீரும்வரை ஓடியது. புதுக் கார்டில் முகவரி முழுதும் சின்ன எழுத்தில், அடிக்கோடு இல்லாமல், எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் வேறுபட்டுத் தெரிகிற எழுத்துருவில். மாஸ்டர் கார்ட்டனில் அடிக்கும் ஸ்டென்சிலில் முன்பு முகவரி இரண்டு வரியாக உடையும், உடையும் இடத்தில் ஒரு எழுத்து மையில் அழியும். இப்போது ஒரே வரி.

பழைய பெட்டியை மூடவில்லை, மூடவும் போவதில்லை. லாரி ஆபீசும் மிஷின் சர்வீஸ்காரரும் எத்தனை சொன்னாலும் இன்னும் அதற்குத்தான் பில் அனுப்புகிறார்கள். அவர்கள் போனில் அந்த முகவரிதான் முதலில் வந்து நிற்கிறது. எல்லாம் புதுப் பெட்டிக்கு ஃபார்வர்டு ஆகிறது. ஃபார்வர்டு ஆகிறதே என்று பழையதைத் திறக்காமலே விட்டுவிடக் கூடாது, இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். நீக்கினால் டொமைன் கணக்கின் மீட்பு முகவரியும் கூடவே போய்விடும். அதனால் மாசம் பிறந்து ஜி.எஸ்.டி. வேலை பார்க்கும் நாளில் அதற்குள்ளும் ஒருமுறை போய் நாலு மெயிலை அழித்துவிட்டு வருகிறேன்.